கத்தியின் மேலாடை

தீட்டுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கத்தியைக் கூராக்குவதும் தீட்டுதலே. வண்ணங்கொண்டு ஓவியம் வரைவதும் தீட்டுதலே. இன்று கடைக்கு வரும் உறைக்கத்திகள் பலவும் முதற்பொருளில் தீட்டப்படுவதற்கு முன்னரே இரண்டாம் பொருளில் தீட்டப்பட்டு விடுகின்றன. அலகு முழுவதும் கருஞ்சாயம். விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளிக்கோடு.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மடங்காத அலகுடைய உழைப்புக் கத்திகள் பெரும்பாலும் உயர்கரிம எஃகினால் ஆனவை. நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு கரிமம் கொண்ட அவ்வெஃகு எளிதில் கூரேறும், அடியையும் தாங்கும். ஆனால், ஈரத்தை மட்டும் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் வேண்டும். அஃது இதில் இல்லை. 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கேபார் கத்தியின் அலகும் கருமையூட்டப்பட்டே வந்தது. துருவைத் தடுப்பதோடு, ஒளிபட்டு மின்னாமல் இருக்கவும் அக்கருமை உதவிற்று.

காக்க வந்த ஒன்றை அகற்றுவானேன்? பசுமரத்தைச் சீவும்போது தடித்த பூச்சு அலகை வழுக்கிச் செல்ல விடுவதில்லை. நாள்பட்டால் அது சிராய் சிராயாய் உரியும். காய்கறி நறுக்குவோரின் உணவில் அச்செதில்கள் கலக்கும். அதனினும் தீயது, பூச்சு பெயர்ந்த ஓரத்தின் அடியில் ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பது. வெளியே காப்பு, உள்ளே துரு! பூச்சை நீக்கியவர் பலர் அடியில் காண்பது வழவழப்பான எஃகு அன்று. மெருகேற்றாது விடப்பட்ட கரடுமுரடான சாம்பல்நிறப் பரப்பு. பட்டறையார் மிச்சப்படுத்திய உழைப்பைச் சாயம் மறைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மெல்லிய அரக்குப் பூச்சாயின் அசிட்டோன் நனைத்த துணியே போதும். அடுப்பும் சுருட்டும் அருகில் இல்லாதிருந்தால் சரி. சூளையில் வேகவைத்த தூள்பூச்சோ அதற்கு அசையாது. அதற்கெனச் சாயநீக்கிகள் உள. அவற்றுள் மெத்திலீன் குளோரைடு கலந்தவை விரைந்து வேலை செய்யும். மூடிய அறையில் மனிதனையும் விரைந்து வீழ்த்தும். அவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்த பின்னரே, 2019இல் அமெரிக்கா அதனைப் பொதுமக்களுக்குச் சாயநீக்கியாக விற்பதைத் தடை செய்தது. ஒரு கத்திக்காக நுரையீரலைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகுமா? பொறுமையுள்ளவர், கூர்முனையில் தடித்த நாடாவை ஒட்டிவிட்டு, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி எண்ணெயிட்டுத் தேய்ப்பர். ஒரு பிற்பகல் போகும், விரல் போகாது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சாயத்தைச் சுட்டெடுக்கலாம் எனத் தீயில் காட்டுவது! இத்தகைய அலகைக் கடினமாக்கிய பின், ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் பதப்படுத்துவது வழக்கம். அவ்வெப்பத்தை மீறினால் எஃகு வைக்கோல் நிறம் கொண்டு, 300 பாகையை அண்மும்போது நீலமாகும். பார்வைக்கு அந்நீலம் அழகுதான். ஆனால் பதம் போயிற்று என்பதே அதன் பொருள். மெலிந்த விளிம்பே முதலில் சூடேறுமாதலால், கெடுவதும் விளிம்பே. மின்சாணையில் அழுத்திப் பிடித்தாலும் இதே கதிதான்.

ஆடை களைந்த அலகுக்கு மலேசியக் காற்று பகை. கழுவி ஈரத்தோடு வைத்த கத்தி மறுநாள் காலை செம்புள்ளிகளோடு விழிக்கும். தோட்டங்களில் பாராங்கத்தியோடு பழகியவர்க்கு இது புதிதன்று; வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுவதை அவர்கள் கைகளே அறியும். தோலுறைக்குள் நெடுநாள் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி அலகுக்கே ஊட்டும்.

மற்றொரு காப்பும் உண்டு. வாழைப்பூ ஆய்ந்த அரிவாள்மனை கறுத்துப் போவதைக் காணாத தமிழ்வீடு அரிது. துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடி விளைவிக்கும் கறை அது. செந்துரு பொருக்காகி ஈரத்தை உள்ளே விடும். இக்கருங்கறையோ மேற்பரப்பில் இறுகப் பற்றித் துருவைச் சற்றே தாமதப்படுத்தும். அதனால் சிலர் வெற்றலகை வெதுவெதுப்பான புளிக்காடியிலோ கடுந்தேநீரிலோ ஊறவைத்துக் கருக்குகின்றனர். மலாய் மரபில் கிரிசின் அலகை எலுமிச்சைச் சாற்றாலும் பாடாணத்தாலும் துலக்கி அதன் வரிகளை எழுப்புவதும் இவ்வழிப்பட்டதே. ஊறிய அலகை எடுத்துக் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவினால் சாம்பலும் நீலமும் கலந்த திட்டுகள் தோன்றும். அவை ஒரு கத்தியில் இருப்பதுபோல் மற்றொன்றில் இரா.