விடை பெறுவோரும் விடை கொடுப்போரும்

வருகின்ற சனவரித் திங்களில் நாங்கள் இருவரும் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டிற்குப் புறப்படவிருக்கின்றோம். அந்நாட்டின் வடபகுதியில், கூலு நகரை அடுத்து அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியிலும் மருந்தகத்திலும் இரண்டாண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிய இசைந்துள்ளோம். எங்களில் ஒருவர் கணித ஆசிரியராகவும் மற்றவர் செவிலியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் மணமாகித் தத்தம் இல்லங்களில் வாழ்கின்றனர். "குருக்களும் கன்னியரும் செய்யும் வேலை இல்லறத்தாருக்கு எதற்கு?" என்று பங்கு மக்கள் சிலர் வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாகவும், இத்தகைய எண்ணம் கொண்ட குடும்பங்களுக்குத் துணையாகவும் இதனை எழுதுகின்றோம்.

இல்லறத்தார் இவ்வாறு செல்வது புதியதன்று. கூடாரத் தொழில் செய்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்திலிருந்து எபேசுக்குப் பெயர்ந்து, புனித சின்னப்பரின் பணிக்குத் துணை நின்றனர். கூலுவுக்கு அருகே லாச்சோர் என்னுமிடத்தில் புனித மரியன்னை மருத்துவமனை உள்ளது. 1961ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பியேரோ கோர்த்தி அங்கே சென்றார். இரண்டே மாதம் உதவி செய்ய வந்த கனடா நாட்டு அறுவை மருத்துவர் லூசில் தேஸ்டேல் அவரை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். அறுவை செய்கையில் எச்.ஐ.வி. கிருமி தொற்றி, அந்நோயுடனேயே பல்லாண்டுகள் பணியாற்றி, 1996இல் லூசில் இறந்தார். 2003இல் கோர்த்தியும் மறைந்தார். இருவர் கல்லறைகளும் அம்மருத்துவமனை வளாகத்திலேயே உள்ளன. அவர்கள் எங்கே, நாங்கள் எங்கே! எனினும், வழி தெரிந்த பாதையில்தான் நடக்கப் போகிறோம் என்பது எங்களுக்கு ஆறுதல்.

எங்கள் முன் எழுந்த முதல் வினா, 82 வயதான எங்கள் தாயாரைப் பற்றியது. பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி, கடமையினின்று நழுவியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். தொலைநாட்டு ஏழைக்குச் செய்யும் சேவையும் அத்தகைய கொர்பானாகிவிடக் கூடும் அன்றோ? ஆகவே, விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் தாயாரிடம் உத்தரவு கேட்டோம். அவர் மறுத்திருந்தால் நின்றிருப்போம்.

அவர் உடனே விடை தரவில்லை. தவக்காலம் முழுவதும் செபித்தார். பாஸ்கா விழா முடிந்த வாரத்தில் எங்களை அழைத்து, "போய் வாருங்கள். ஆனால், நான் கண்மூடிய செய்தி வந்தால் நீங்கள் முகம் பார்க்க வந்து சேர முடியாது. அதற்காக என் உடலை வைத்துக் காத்திருக்கவும் கூடாது. இதற்கு மனம் ஒப்பினால் போங்கள்" என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். கூலுவிலிருந்து எந்தெபே விமான நிலையம் சாலைவழியே 300 கிலோ மீட்டருக்கு மேல். அங்கிருந்து விமானம் மாறிச் சென்னை. பிறகு எங்கள் ஊர். நம் வழக்கப்படி அடக்கமோ மறுநாளே. தாயாரின் குழியில் ஒரு பிடி மண் இடும் பேறு எங்களுக்கு இல்லாமற் போகலாம். அதை அறிந்தே இசைந்தோம். இசைந்த அன்றிரவு எங்களில் எவருக்கும் உறக்கம் வரவில்லை.

மற்ற ஆயத்தங்கள் எளியவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு 10 நாட்களுக்கு முன்னரேனும் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் போடுகின்றனர். 60 வயதை அடைந்தோர் மருத்துவரைக் கலந்த பின்னரே போடலாம். அதற்கான மஞ்சள் அட்டை 2016 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். அஃதின்றித் திரும்பினால் நம் நாட்டில் 6 நாட்கள் வரை தனித்து வைக்கப்படலாம். மலேரியா மிகுந்த நாடாதலால் கொசுவலையும் மாத்திரையும் இன்றியமையாதவை. ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ் சான்றினைக் கம்பாலா நகரிலுள்ள நம் தூதரகத்தில் பெற்று அனுப்பலாம். கடன்களை அடைத்தோம், உயில் எழுதினோம். மனத்தாங்கல் கொண்டிருந்த உறவினர் இருவர் இல்லங்களுக்குச் சென்று ஒப்புரவாகிக் காப்பி அருந்தி வந்தோம். இதுவும் ஆயத்தமே.

அப்பகுதி மக்களின் அச்சோலி மொழியை இப்போது கற்று வருகின்றோம். 'அப்வோயோ' என்றால் நன்றி. 'இத்யே நினிங்' என்றால் நலமா. இந்த வயதில் மீண்டும் அரிச்சுவடிப் பிள்ளைகளாவது நல்லதே. ஏனெனில், அந்நாட்டாருக்கு விசுவாசத்தை நாம் கொண்டுபோகத் தேவையில்லை. 1879இல் உகாண்டாவுக்கு வந்த வெள்ளைத் துறவியர் 1882இல் வெளியேற நேர்ந்தது. 1885இல் அவர்கள் திரும்பியபோது, புதிய கிறிஸ்தவர்கள் தாமே ஒருவருக்கொருவர் போதித்துத் திருச்சபையை வளர்த்திருக்கக் கண்டனர். மறு ஆண்டிலேயே புனித சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் அவ்விசுவாசத்திற்காக உயிர் ஈந்தனர். இத்தகைய மக்களிடம் கற்றுக்கொள்ளவும் போகிறோம் என்ற நினைவு எங்களுக்கு வேண்டும்.

எங்கள் தம்பியும் அவர் மனைவியும் தாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலிசெய்து தாயாருடன் வந்து தங்குகின்றனர். இரவில் இருமுறை எழுந்து தாயாரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு இனி தம்பி மனைவியுடையது. வழியனுப்பு விழாவில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்த எண்ணியிருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். அப்பொன்னாடையை அவர் தோளிலே போர்த்துமாறு பங்குத் தந்தையிடம் வேண்டிக்கொண்டுள்ளோம். நாங்கள் அங்கே ஆற்றும் ஒவ்வொரு நாட்பணியும் அவர் இங்கே விழித்திருக்கும் இரவுகளின் மேல்தான் நிற்கும்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய அழைப்பை உணர்வோர் இருக்கலாம். இளையோராயின் பெற்றோர் உடனே தடுக்க வேண்டா; முதியோராயின் பிள்ளைகள் நகைக்க வேண்டா. ஆனால், "நீர் விட்டுச் செல்லும் சுமையை யார் சுமப்பார்? அவரிடம் கேட்டீரா?" என்று மட்டும் வினவுங்கள். அவ்வினாவிற்கு நேர்மையான விடை கிடைத்தால், மனமுவந்து விடை கொடுங்கள்.

எங்கள் இல்லத்தில் இரவு 8.30 மணிக்குச் செபமாலை தொடங்கும். அப்போது கூலுவில் மாலை 6 மணி. தொடர்பு கிடைக்கும் நாட்களில் கைப்பேசி வழியே சேர்ந்து செபிப்போம்; கிடைக்காத நாட்களில் அதே மணியில் அங்கிருந்தே தொடங்குவோம். எங்களுக்காக மன்றாடுங்கள், எங்களுக்கு விடை கொடுத்தவர்களுக்காக அதனினும் மிகுதியாக மன்றாடுங்கள்.