கேளாமல் செய்த திருத்தம்

முதல்நாள் இரவு பன்னிரண்டு சோதனைகளிலும் தேறிய என் நிரல், மறுநாள் காலை நான்கில் தோற்றது. லக்ஷ்மிபாய் நகரில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில்தான் என் கணினி இருக்கும். பள்ளியில் படிக்கும் தம்பிமேல் பழியைப் போட்டேன். “நான் தொடவேயில்லை அண்ணா” என்றான். நம்பவில்லை, சித்தியின் எதிரிலேயே கடிந்துகொண்டேன்.

நண்பகலில் ‘கிட்’டைக் கொண்டு பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டேன். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தன. வரிக் கடைசியில் நின்ற வெற்றிடங்கள்தாம் மறைந்திருந்தன. புரதத்தின் வடிவைக் குறிக்கும் பி.டி.பி. கோப்பில் வரிக்கு 80 இடங்கள். துளையட்டைக் காலத்து மரபு. வெற்றிடமும் அங்கே கணக்குத்தான். படுக்குமுன் சோதனைக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்திருந்தேன். நான் புதிதாக நிறுவிய திருத்தி, அப்பொழுதே வெற்றிடங்களைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

நண்பர்களே, இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ‘செப்ட்2’ என்னும் மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்திலொன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016இல் கண்டார்கள். 2020இல் பெயர்க்குழு மரபணுவையே ‘செப்டின்2’ ஆக்கியது. கருவி வளையவில்லை, விஞ்ஞானம் வளைந்தது. இம்மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் 2023இல்தான் வந்தது.

என் திருத்தியில் அவ்வசதி முன்பே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. நிறுத்தினேன், பழைய கோப்பை மீட்டேன், பன்னிரண்டும் தேறின. மாலையில் தம்பியிடம், தவறு என்னுடையதென்று சொன்னேன்.

“அம்மா எதிரில் சொல்லுங்கள் அண்ணா” என்றான்.

சொன்னேன்.