பத்துத் தீப்பெட்டிகள்

எம் விடுதியில் ஞாயிறு பிற்பகல்தோறும் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வது வழக்கம். ஒருவன் நடுவனாயிருந்து கதையை நடத்த, ஏனையோர் தாம் புனைந்துகொண்ட பாத்திரங்களாகவே பேசியும் இரு பகடைகளை உருட்டியும் விண்மீன்களிடையே பயணஞ்செய்யும் ஆட்டம் அஃது. அமெரிக்கரான மார்க் மில்லர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வாட்டத்திற்கு 'டிராவலர்' என்று பெயர். அன்பர்கள் நகையாடற்க; தாயக்கட்டைக்கு அடிமைப்பட்டோர் என்னூராகிய அவலூர்பேட்டைத் திண்ணைகளிலும் உண்டு.

எனக்கு வாய்த்த பணி கலஞ்சமைத்தல். இவ்வாட்டத்திலே டன் என்பது எடையன்று, இடம். ஒரு டன் நீர்ம ஹைட்ரஜன் கொள்ளும் அளவு, ஏறத்தாழ 14 கன மீட்டர். மீனுக்கு மீன் தாவும் கலங்களில் மிகச் சிறியது 100 டன். ஓர் அறைக்கு 4 டன் வேண்டும். ஆகவே தீப்பெட்டி ஒன்றை ஓரறையாகக் கொண்டு, 25 பெட்டிகளை ஒட்டினேன். நூல் கூறும் வேவுக்கலத்தில் அவற்றுள் பத்து எரிபொருளுக்கே போய்விடுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. நான்கைப் பறித்துப் பயணியர் அறைகளாக்கினேன். அட்டையால் மூக்கும் சிறகும் அமைத்து நீலம் பூசி, சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் விசயைக்குச் செய்வித்த ஊர்தியை நினைந்து 'மயிற்பொறி' எனப் பெயருமிட்டேன். எல்லோரும் வியந்தனர். கணக்கை ஒருவரும் பார்த்திலர்.

கலம் தாவிய பின்னரே நடுவன் கணக்கிட்டான். தாவலுக்கு 20 டன் செலவு, எஞ்சியது 4. பொறிக்கு நான்கு வாரங்களுக்கு 20 டன் வேண்டுமாதலின், அந்நான்கு ஆறு நாளைக்கும் போதா. தாவலோ ஒரு வாரம் பிடிக்கும். ஆறாம் நாள் விளக்கணைந்தது, காற்றும் நின்றது. என் நண்பன் முதலாண்டு தொட்டுப் பேணி வளர்த்த முதிய மருத்துவர் பாத்திரம் அங்கே மாண்டது.

"விசயையின் பொறி சுடுகாட்டில் இறங்கிற்று, உன் பொறி சுடுகாடே ஆயிற்று" என்று சொல்லி எழுந்துபோனான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என் வீட்டிற்கு வர முன்னரே இசைந்திருந்தமையால் வந்தான். வந்தும் என்னோடு பேசினானல்லன். என் தாயாரிடமே பேசினான். மூன்றாம் நாள் இருவரும் பேருந்தேறிச் செஞ்சிக்குச் சென்றோம். 1690 முதல் 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்டிருந்த கோட்டை அது. கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்துவிட்டு நெற்களஞ்சியத்தினுள் நுழைந்தோம். வெளிவெயில் சிறிதும் எட்டாத தடித்த சுவர்கள். எங்கள் காலடியோசையே எங்களுக்குத் திரும்பிவந்தது. நெடுநேரம் நின்றவன், "இதற்கு எத்தனை தீப்பெட்டி?" என்றான்.

யான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அதன்பின் இராசகிரி உச்சிவரை ஏறினோம். மேலே, மூச்சிரைத்தபடியே, "உன்மேல் கோபமில்லையடா, அந்த மருத்துவரை என் தாத்தாவை நினைத்து எழுதியிருந்தேன்" என்றான். அவர் சென்ற ஆண்டு காலமானவர். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றிரவு கலத்தைப் பிரித்து நான்கு அறைகளையும் எடுத்தோம். பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், "நோவாவே பேழையில் தீனி ஏற்றினான், உங்களுக்கு என்ன கேடு?" என்றார்.

கல்லூரி திறந்த முதல் ஞாயிறு நண்பன் புதிய பாத்திரத்தோடு வந்தான். அமருமுன் கலத்தைக் கவிழ்த்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பத்துப் பெட்டிகளை எண்ணினான். பிறகு பகடையை என்னிடம் நீட்டினான்.