அதே விலாசம்

"ஒருக்கா ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பாருங்கோ." ஐ.ரி. வேலைக்கு வந்து நான் முதலில் படிச்ச வைத்தியம் இதுதான். பாதி வருத்தத்துக்கு இது கேட்கும். அதுதான் கரைச்சலே.

நான் வேலை செய்யிறது ஒரு வைத்தியசாலையில். பெயர் வேண்டாம். லாப்பில் இருந்து பரிசோதனை முடிவுகள் வாட்டுகளுக்குப் போறது ஒரு 24 போர்ட் சுவிச்சால. சில நாளைக்கு ஒருக்கா அது அப்பிடியே உறைஞ்சு போகும். உறைஞ்சால் லாப்பில் இருக்கிற சிற்றூழியர் அக்கா முடிவுகளைத் துண்டில் எழுதுவிச்சு, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் குடுப்பா. ஒருநாள் ஒரு பொட்டாசியம் அளவு பிழையான வாட்டுக்குப் போய், ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் ஆக்கள் கண்டுபிடிச்சவை. நோயாளிக்கு ஒண்டும் ஆகேல்லை. ஆனால் அண்டையில இருந்து "ரீஸ்டார்ட்" எண்ட சொல்லே எனக்கு எரிச்சல்.

சுவிச் உறையிறதுக்கு முதல் அதன் லொக்கில் ஒரு வரி விழும்: மெமரி பரிட்டி எரர். பரிட்டி மிகவும் எளிமையான காவல்காரன். மெமரியில் ஒரு தரவை எழுதும்போது, அதில் இருக்கிற 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி ஒரு பிட்டைக் கூடச் சேர்த்து வைப்பார்கள். திரும்ப வாசிக்கும்போது ஒற்றையாக இருந்தால் ஏதோ ஒரு பிட் புரண்டிருக்கு எண்டு அர்த்தம். எந்த பிட் எண்டு இதுக்குத் தெரியாது. திருத்தவும் ஏலாது. கத்தத்தான் தெரியும். (ஈ.சி.சி. மெமரி எண்டால் ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும். எங்கட சுவிச்சுக்கு அந்தக் குடுப்பினை இல்லை.)

சுவிச்சை வித்த இடத்துக்குக் கோல் எடுத்தன். "தங்கச்சி, உது கொஸ்மிக் கதிர். எல்லா இடத்திலயும் வாறதுதான். ரீஸ்டார்ட் பண்ணினால் சரி" எண்டு ஒரு அண்ணா சொன்னார். வாறன்டி முடிய இரண்டு மாதம் கிடந்தது.

அவர் சும்மா அளக்கவில்லை. விண்வெளியில் இருந்து வாற கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூத்திரன்கள் ஒரு பிட்டைப் புரட்டலாம். 1970களின் கடைசியில் இன்டெல் பொறியியலாளர்கள், சிப்பை மூடியிருக்கிற பொருளில் கலந்திருந்த மிகச் சிறிய கதிரியக்கமே பிட்டுகளைப் புரட்டுது எண்டு கண்டுபிடிச்சவை. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக்கில் இலத்திரனியல் வாக்களிப்பில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்கு கூட விழுந்தது. 4096 எண்டால் 2இன் 12ஆம் அடுக்கு, அதாவது சரியாக ஒரே ஒரு பிட். கதிர்தான் காரணம் எண்டு நிரூபிக்க முடியேல்லை, ஆனால் வேறு காரணமும் அகப்படேல்லை.

சரி, கதிர் எண்டே வைப்பம். கதிருக்கு விலாசம் தெரியுமா? அது எங்க வேணுமெண்டாலும் விழும். ஒரே மெமரி விலாசத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அது வானத்துக் குற்றமில்லை, சிப் பழுது.

இதைக் காட்டத்தான் பெரிய பாடு. லொக் இருக்கிறது சுவிச்சின் தற்காலிக நினைவில். ரீஸ்டார்ட் பண்ணினால் அதுவும் துடைச்சுப் போகும். இவ்வளவு காலமும் ஒவ்வொரு வைத்தியத்தோடையும் சாட்சியும் அழிஞ்சிருக்கு! ஒதுக்கி வைச்சிருந்த பழைய கொம்பியூட்டர் ஒண்டில் சிஸ்லொக் சேவரைப் போட்டு, சுவிச்சின் செய்திகள் உடனுக்குடன் அங்க போய்ச் சேருற மாதிரிச் செய்தன். மணிக்கூட்டையும் சரியாக்கினன், இல்லாட்டி எது எப்ப நடந்ததெண்டே சொல்லேலாது. வெக்கையோ எண்டு வெப்பநிலை பார்த்தன், சாதாரணம். மின்சாரமோ எண்டு வேற யூ.பி.எஸ்.இல் கொழுவினன். வரி நிக்கேல்லை.

"உதுக்கு மினக்கெடாத பிள்ளை, ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு வா" எண்டு எங்கட மூத்த அண்ணை நல்ல மனசோடதான் சொன்னார். ஐந்து கிழமையில் நாலு தரம் பிழை வந்தது. நாலிலும் ஒரே விலாசம். நாலு வரியையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக ஒட்டி, வேற ஒண்டும் எழுதாமல் அனுப்பினன். இந்த முறை கதிரைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. வாறன்டி முடிய ஒன்பது நாள் இருக்க மாத்துச் சுவிச் வந்து இறங்கிச்சு.

புதுசிலும் போன மாதம் ஒருக்கா பரிட்டி எரர் வந்தது. விலாசத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுதி வைச்சிருக்கிறன். இன்னும் இரண்டாவது வரேல்லை.