எண்ணெய் திரும்பும் வழி

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஜிப்மர் மருத்துவமனைக்கு இரவு வேளையில் காரில் செல்ல அதிக நேரம் பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஓர் இரவு, அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு முக்கால் மணி நேரமாயிற்று. நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்கப் புறப்பட்டிருந்தேன். இந்திரா காந்தி சதுக்கத்தை நெருங்குகையில் வண்டியின் பின்னே நீலப் புகை திரண்டு எழுந்தது. ஓட்டுநர் தம்பி இறங்கி, ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். நுனியில்கூட எண்ணெய் இல்லை. "இனி ஓட்டினால் இஞ்சின் போய்விடும், சாமி" என்றான். ஆட்டோ ஒன்று கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது மூதாட்டி கண்மூடிப் பத்து நிமிடங்கள் ஆகியிருந்தன. மரித்தோருக்கான செபங்களை மட்டுமே சொல்ல முடிந்தது. "சாமியார் வந்துவிட்டாரா என்று அம்மா இரண்டு முறை கேட்டார்கள்" என்றார் மகள். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

அந்த வண்டியின் டர்போவை மாற்றி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. மாற்றிக் கொடுத்த பட்டறையில் விசாரித்தபோது, "வேகமாக ஓட்டி வந்து உடனே இஞ்சினை அணைத்தால் டர்போ கருகத்தான் செய்யும், ஓட்டுகிறவரைக் கேளுங்கள்" என்றார்கள். நானும் கேட்டேன். கேட்டேன் என்பது தவறு. உபதேசியார், பங்குப்பேரவையினர் சிலர் முன்னிலையில் அவனை வைதேன். மறுநாள் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாவது டர்போவும் பூட்டப்பட்டது. மூன்றே வாரத்தில் மீண்டும் புகை.

அதன் பின்னர்தான் விழுப்புரம் சாலையோரம் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் டர்போவைத் தொடவேயில்லை. கைவிளக்குடன் வண்டிக்கு அடியில் படுத்தவர், சற்று நேரத்தில் வெளியே வந்து, "சாமி, சாக்கடை அடைத்த வீட்டில் தண்ணீர்க் குழாயைக் குறை சொல்லலாமா?" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற கருவி இது என்று பின்னர் படித்தறிந்தேன். முதியவருக்கு அந்தப் பெயர் தெரியாது, கருவி நன்றாகத் தெரியும். இஞ்சினின் கழிவுப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் அனுப்புகிறது. அத்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெயை உள்ளே தள்ள இஞ்சினின் பம்பு உண்டு. ஆகவே சிறு குழாய் போதும். திரும்பிப் போக அத்தகைய பம்பு ஏதுமில்லை. காற்றுடன் கலந்து நுரையாகிவிட்ட எண்ணெய் தன் எடையினாலேயே கீழே இறங்கவேண்டும். ஆதலால் திரும்பும் குழாய் பன்மடங்கு அகலமாகவும், கூடியமட்டும் செங்குத்தாகவும், எங்கும் தொய்வின்றியும் இருத்தல் வேண்டும். கீழே அது சேரும் வாயும் தொட்டியிலுள்ள எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். இல்லையேல் எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் இருபுறமுள்ள வளையங்களைக் கடந்து கசியும். அவ்வளையங்கள் தேங்கிய எண்ணெயைத் தடுக்கச் செய்யப்பட்டவையல்ல. கசிந்தது எரிந்து நீலப் புகையாகும்.

எங்கள் வண்டியில் பழைய இரும்புக் குழாய்க்குப் பதிலாக நீளமான ரப்பர் குழாய் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது நடுவில் தொய்ந்து, சேரும் வாய்க்கும் கீழே இறங்கி, மறுபடி மேலேறியது. போதாக்குறைக்கு, பேக்கிங்குக்குத் தடவிய பசை உள்ளே பிதுங்கி வழியைப் பாதி அடைத்திருந்தது. முதியவர் பசையைச் சுரண்டியெடுத்து, அளவாக வளைத்த இரும்புக் குழாயைப் பொருத்தினார். நுரை தேங்கும் குழாயையும் நம் ஆன்மாவையும் இணைத்து அங்கேயே ஒரு மறையுரையை நான் மனத்தில் தொடங்கிவிட்டேன். "சாமி, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுங்கள்" என்று அவர் கேட்டதால் அது நின்றுபோயிற்று. நல்லதே.

வேகமாக வந்தவுடன் இஞ்சினை அணைக்கலாகாது என்பதும் உண்மைதான். சூட்டில் எண்ணெய் கரியாகிவிடும். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு முறையும் கோவில் வளாகத்தில் வண்டியை நிறுத்தியபின் தம்பி ஒரு நிமிடம் இஞ்சினை ஓடவிடுவான். "டீசல் கோவில் காசு, தம்பி" என்று அதற்காகவே அவனைக் கண்டித்தவன் நான்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அன்று உடனிருந்த பேரவையினரையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவன் தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவனோ தரையைப் பார்த்தபடி நின்றான். "அந்தப் பாட்டிக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே, சாமி" என்றான் கடைசியில்.

திங்களன்று காலை வந்தான். சாவியை வாங்குமுன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் புதிய குழாயை மேலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்த்தான்.