கைப்பிடி இல்லாத பம்பு

லண்டனில் பொதுஜன சுகாதாரப் பயிற்சி பெறுகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை என்று பெயர். ஆனால் எங்கள் கோஷ்டியிலிருந்த நைஜீரியப் பெண்மணி விடுவதாயில்லை. "பிராட்விக் வீதியைப் பாராமல் இந்தப் படிப்பைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?" என்றார். கிளம்பினோம்.

ஸோஹோ என்பது போஜன சாலைகளும் நாடகக் கொட்டகைகளும் நெருங்கிய பேட்டை. அங்கே தெருவோரத்தில் கன்னங்கரேலென்று ஒரு பம்பு நிற்கிறது. கைப்பிடி கிடையாது, தண்ணீரும் வராது. தாகமுள்ளவர்களுக்கு அருகிலேயே ஒரு மதுக்கடை உண்டு. அதன் பெயர் 'ஜான் ஸ்நோ'. இளமையிலேயே மதுவிலக்கு விரதம் பூண்ட வைத்தியருக்கு லண்டன்வாசிகள் எடுத்த கோயில் இது!

1854 ஆகஸ்டு 31-ல் இந்த வட்டாரத்தில் வாந்திபேதி புகுந்தது. மாண்டவர்கள் 616 பேர். துர்க்காற்றே காரணம் என்றார்கள் பண்டிதர்கள். ஸ்நோ அதை நம்பாமல் வீடு வீடாக விசாரித்தார். அருகிலிருந்த அநாதை விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர் ஐவரே. அங்கே தனிக் கிணறு உண்டு. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை மாண்டாள். இந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காக அதைத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவள் அவள். செப்டம்பர் 8-ல் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானே தணியத் தொடங்கியிருந்தது. கதை சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுவது வழக்கம், ஸ்நோ மறைக்கவில்லை.

மறுநாள் கெப்பல் வீதியிலுள்ள சுகாதாரக் கலாசாலைக் கட்டடம். 1929-ல் திறந்தது. மாடி முகப்புகளில் கொசு, தெள்ளுப்பூச்சி, எலி, பாம்பு எல்லாம் தங்க முலாம் பூசிக்கொண்டு ஜொலிக்கின்றன. மேலே கல்லில் 23 மகான்களின் பெயர்கள்; 2019-ல் மூன்று மாதரசிகளையும் சேர்த்தார்கள். ஸ்நோவின் பெயர் இல்லை! துர்க்காற்றுக் கட்சியைச் சேர்ந்தவரும், 1892-ல் வாந்திபேதிக் கிருமியை விழுங்கிக் காட்டியவருமான பெட்டன்கோஃபரின் பெயர் இருக்கிறது. சிகந்தராபாத்தில் 1897-ல் கொசுவை ஆராய்ந்த ராஸும் இருக்கிறார். கழுத்து வலிக்கப் பார்த்தும் ஒரு பாரத நாட்டுப் பெயரைக் காணோம். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சை 1959-ல் கல்கத்தாவில் நிரூபித்த சம்புநாத் டே எங்கே? 1971-ல் வங்காள அகதிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் காத்த திலீப் மகாலானபிஸ் எங்கே? அவர் பங்காவ் முகாமில் நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணத்தை நாலுக்குக் குறைத்தவர்.

அதுவரை பேசாதிருந்த வங்க தேசத்து நண்பர் சொன்னார்:

"அந்த முகாமில் என் தாயார் ஆறு வயதுக் குழந்தை. பாட்டி பீப்பாயிலிருந்து குவளையில் பிடித்துப் பிடித்து இரவெல்லாம் புகட்டினாளாம். வைத்தியர் பெயர் பாட்டிக்குக் கடைசி வரை தெரியாது. தண்ணீர் உப்புக் கரித்தது என்பதுதான் தெரியும்."