முழுப் பெயர் எழுதவும்

அண்ணாவின் முழுப் பெயர் காஞ்சீவரம் நடராஜன் அண்ணாதுரை. ஊர் முதலில், தகப்பனார் அடுத்து, கடைசியில்தான் ஆள். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீடு இன்று நினைவு இல்லம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பான் கார்டு விண்ணப்பம் ஞாபகம் வருகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டு, இரண்டிலும் இன்ஷியல் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். கடைசிப் பெயர் என்று அண்ணா எதை எழுதியிருப்பார்?

எங்கள் நெசவாளர் தெருவில் பலரும் அப்பா பெயரை எழுதினார்கள். வேறு வழி? அதனால் ஆதாரில் இன்ஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் மொட்டைப் பெயர். 2023 ஜூன் 30க்குள் ஆதாரையும் பானையும் இணைக்க வேண்டும், தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வந்தபோதுதான் வினை தெரிந்தது. பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பியது. பான் செயலிழந்தால், வைப்புத்தொகைக்கு வரி பிடிக்கும் அளவுக்கு வட்டி வந்தால் அந்த வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த பணம் அது.

பிறகு நோட்டரியிடம் ஓட்டம். "மேற்படி இரண்டு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும்" என்று பிரமாணப் பத்திரம். நான் நான்தான் என்று சத்தியம் செய்ய ஒரு மனிதர் காசு கொடுத்துக் காத்திருப்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. அன்றைக்குத் தறி ஓடாது. கூலியும் கிடையாது.

2021 டிசம்பரில் தமிழக அரசு, இன்ஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை அப்படி எழுதிப் பழகும். ஆனால் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். விரிக்காமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு 2022 நவம்பரில் அடி விழுந்தது: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத சமூகம் ஒன்று இருக்கிறது என்பது படிவம் வரைந்தவர் கண்ணில் படவே இல்லை.

*

பாவு பிணைக்கும் ஆயா ஒருவர் பக்கத்துச் சந்தில் இருக்கிறார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து ஒரு முறுக்கு, அடுத்த இழை, ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முறுக்கிய இடம் அச்சுப் பல்லுக்குள் தடங்காமல் நுழைய வேண்டும். ஆயுள் முழுக்க இதைச் செய்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை இயந்திரம் வந்தது. "ஆயா, வெரல நல்லா தொடச்சிட்டு வைங்க." துடைத்து வைத்தார். இடது கை, வலது கை, ஒவ்வொரு விரலாக. "நாளைக்கு வாங்க ஆயா." கடைக்காரத் தம்பி மேல் குற்றம் இல்லை, அவருக்கு அந்த ஆயாவைப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தவரைத் தெரியும் என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. கருவிழி பார்க்கும் கருவி பிறகு வந்தது. முதலிலேயே ஒரு நெசவாளர் தெருவில் இயந்திரத்தை வைத்துப் பார்த்திருந்தால் எத்தனை நடை மிச்சமாகியிருக்கும்!

*

சுய சான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு 2014லேயே துறைகளுக்குச் சொல்லிவிட்டது. அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து கேட்கும் ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன.

*

உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்து லால் பிஹாரியும் ஒரு கைத்தறி நெசவாளர்தான். நிலத்துக்காக உறவினர்கள் அவரை 1970களில் வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக்கினார்கள். பெயரோடு 'மிருதக்' (இறந்தவர்) என்று சேர்த்துக்கொண்டு, தேர்தலில் நின்று, தன்னைப்போல ஏட்டில் செத்தவர்களுக்குச் சங்கம் வைத்துப் போராடினார். 1994ல்தான் ஏட்டில் உயிர் வந்தது.

*

உத்திரமேரூர் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி என்ற விதிகள். 35 வயதுக்கு மேல், 70க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம். சொந்த மனையில் வீடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. நிலமற்றவரையும் பெண்களையும் வெளியே நிறுத்திய விதிகள், அதை மறக்கக் கூடாது. ஆனால் இன்னொன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. முதல் ஏற்பாடு 919ல். 921ல் அதைத் திருத்தி மறுபடி கல்லில் வெட்டிவிட்டார்கள். இரண்டே வருஷம். திருத்தியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில். என் கையில் இருக்கும் விண்ணப்பத்தில், எந்தக் கட்டம் எந்த விதியால் வந்தது என்று ஒரு வரி கிடையாது. தெரிந்தால்தானே திருத்தக் கேட்க முடியும்?

*

நவம்பர். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச் சான்று தரும் மாதம். இங்கே அது அடைமழைக் காலம். குடையும் தடியுமாக வயசானவர்கள் வங்கி வாசலில் நிற்கிறார்கள். ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச் சான்று 2014 நவம்பரில் வந்தது, முகம் காட்டிப் பதியும் வசதி 2021ல். கைப்பேசி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாடு இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்தால் வாசல்தான். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியருக்கு அந்தக் கெடுவும் இல்லை: எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். அதனால் நிர்வாகம் நின்றுவிடவில்லை. மற்றவர்களுக்கும் அப்படியே ஆக்க ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மழைக்கு முன் அதைப் போடட்டும்.